கார்பன் மோனாக்சைடின் பிறப்பிடம் தேடும்போது ஐசோடோப்பு எண்கள் முரண்டு பிடித்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

காற்றில் 150 பிபிபி (நூறு கோடியில் 150 பங்கு) கார்பன் மோனாக்சைடு இருக்கிறது என்று கருவி காட்டுகிறது. அது வாகனப் புகையா, எரியும் புல்வெளியா, மீத்தேன் காற்றிலேயே சிதைந்து உண்டானதா? செறிவு என்ற ஒற்றை எண்ணிடம் இதற்கு விடை இல்லை. மூலக்கூறில் கார்பன்-13 எவ்வளவு, ஆக்சிஜன்-18 எவ்வளவு (இரண்டும் அந்தத் தனிமங்களின் கனமான வடிவங்கள், அதாவது ஐசோடோப்புகள்) என்று அளந்தால்தான் பிறப்பிடம் துலங்கத் தொடங்கும். அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் ஸ்டீவன்ஸும் அவருடைய குழுவினரும் 1972இல் இதைச் செய்து காட்டினார்கள். கருவிகள் அதன்பின் வெகுவாக மாறிவிட்டன. சிக்கல்கள் அந்த அளவுக்கு மாறவில்லை.

இந்த அளவீட்டில் ஒன்றை மறக்கவே கூடாது. இங்கே பிழை பிழையாகத் தெரியாது. ஒரு மூலத்தின் வேடத்தில் வந்து நிற்கும். சுத்திகரிப்பில் தப்பிய நைட்ரஸ் ஆக்சைடு, மீத்தேனில் பிறந்த கார்பன் மோனாக்சைடு போலத் தோன்றும். கசிந்த கார்பன் டை ஆக்சைடு, புல்வெளித் தீ போலத் தோன்றும். ஆகவே எண் விநோதமாக இருக்கும்போது மட்டுமல்ல, நாம் எதிர்பார்த்தபடியே இருக்கும்போதும் சோதிக்க வேண்டும். சொல்லப்போனால் அப்போதுதான் கூடுதலாகச் சோதிக்க வேண்டும்.

தொடங்கும் முன்: மூன்று எண்களையும் சேர்த்துப் பாருங்கள்

செறிவு, கார்பன்-13, ஆக்சிஜன்-18 ஆகிய மூன்றையும் ஒரே வரிசையில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு பிழையும் இந்த மூன்றையும் தனக்கே உரிய திசையில் நகர்த்தும். ஒன்றை மட்டும் பார்த்தால் திசை தெரியாது.

ஒப்பிடுவதற்கான மூல மதிப்புகள் இவை. கார்பன்-13 வி.பி.டி.பி. அளவுகோலிலும், ஆக்சிஜன்-18 வி.ஸ்மோ அளவுகோலிலும் தரப்பட்டுள்ளன; இவை சர்வதேச ஒப்பீட்டு அளவுகோல்கள். பெர்மில் (‰) என்பது அந்த ஒப்பீட்டுப் பொருளிலிருந்து ஆயிரத்தில் எவ்வளவு விலகல் என்பது; கனமான ஐசோடோப்பு குறைவாக இருந்தால் எண் எதிர்மறையாகும். புதைபடிவ எரிபொருள் எரிந்து வரும் கார்பன் மோனாக்சைடு −27.5‰, +23.5‰ அளவில் இருக்கும், இந்த +23.5 காற்றிலுள்ள ஆக்சிஜனின் மதிப்பும்கூட. தாவரங்கள் எரிந்தால் ஆக்சிஜன்-18 பெரும்பாலும் +10 முதல் +18 வரை இருக்கும். கார்பன்-13 எரியும் தாவரத்தின் ஒளிச்சேர்க்கை வகையைப் பொறுத்தது: மரங்கள் போன்ற சி3 வகை என்றால் −25ஐ ஒட்டியும், சவானா புற்கள் போன்ற சி4 வகை என்றால் −12ஐ ஒட்டியும் வரும். மீத்தேன் ஆக்சிஜனேற்றத்தில் பிறப்பது −52ஐ ஒட்டி இருக்கும். ஐசோப்ரீன் போன்ற மற்ற ஹைட்ரோகார்பன்களிலிருந்து பிறப்பது −32ஐ ஒட்டி இருக்கும். காற்றிலேயே ஆக்சிஜனேற்றத்தால் பிறக்கும் இந்த இரண்டுக்கும் ஆக்சிஜன்-18 சுழியத்துக்கு அருகில் வரும்.

இதிலிருந்தே ஒரு நடைமுறை உண்மை கிடைக்கிறது. வாகனப் புகையையும் மரம் எரிந்த புகையையும் கார்பன்-13ஐ வைத்துப் பிரிக்க முயல்வது வீண் உழைப்பு; வேறுபாடு ஓரிரு பெர்மில்தான். எரிந்து வந்ததா, காற்றில் பிறந்ததா என்று சொல்வது ஆக்சிஜன்-18. மீத்தேனையும் சி4 புல்லையும் பிரித்துக் காட்டுவது கார்பன்-13.

கருவி வரிசை இப்படி இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். காற்று முதலில் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் அஸ்கரைட் குழாய் வழியாகவும், திரவ நைட்ரஜனில் குளிர்ந்த பொறி வழியாகவும் போகிறது. அங்கே கார்பன் டை ஆக்சைடு, நைட்ரஸ் ஆக்சைடு, ஹைட்ரோகார்பன்கள், ஈரம் ஆகியவை நீங்குகின்றன. பிறகு ஷூட்சே வினைபொருள், கார்பன் மோனாக்சைடை மட்டும் கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகிறது. அதைக் குளிர்பொறியில் சேகரித்து, வாயு குரோமட்டோகிராஃபி குழாய் வழியாக நிறை நிறமாலைமானிக்கு அனுப்புகிறோம். பிரெனின்க்மெய்யர் 1993இல் வெளியிட்ட முறையில் நூற்றுக்கணக்கான லிட்டர் காற்று தேவைப்பட்டது. இன்றைய தொடரோட்ட முறைக்குச் சிறு குடுவைக் காற்றே போதும். அளவு குறைந்ததால் கறையின், அதாவது கருவியிலிருந்தே மாதிரியில் சேரும் அந்நிய வாயுவின், ஆதிக்கம் கூடியிருக்கிறது.

அறிகுறி: செறிவு, கார்பன்-13, ஆக்சிஜன்-18 மூன்றுமே ஏறியிருக்கின்றன

முதலில் சந்தேகிக்க வேண்டியது காற்றின் சொந்தக் கார்பன் டை ஆக்சைடை. அது 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் இருக்கிறது. தேடும் பொருளைப்போல நாலாயிரம் மடங்கு. அதில் லட்சத்தில் ஒரு பங்கு பொறியைத் தாண்டினாலே 4 பிபிபி ஆகிவிடும். 100 பிபிபி கார்பன் மோனாக்சைடோடு அது கலந்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடின் கார்பன்-13 சுமார் −8.5‰. மாதிரி −28‰ என்றால் முடிவு 0.75‰ மேலே ஏறும். ஆக்சிஜன்-18 இன்னும் மோசமாக நகரும்: கசிந்த வாயு +41‰ அளவில் இருப்பதால், கணக்கிட்டு வரும் கார்பன் மோனாக்சைடு மதிப்பு ஏறத்தாழ 2‰ உயர்ந்துவிடும்.

வாகனப் புகை கலந்தாலும் செறிவும் ஆக்சிஜன்-18உம் ஏறும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. ஆனால் புகை கலந்தால் கார்பன்-13 கிட்டத்தட்ட நகராது, ஏனெனில் பின்னணிக் காற்றே −28ஐ ஒட்டித்தான் இருக்கிறது. கார்பன்-13உம் சேர்ந்து ஏறினால், எரியும் புல்வெளி அருகில் எங்கும் இல்லை என்றால், கசிவுதான்.

ஐயம் தீர்க்க ஒரு சோதனை போதும். ஷூட்சே குழாயைச் சுற்றிக் கடக்கும் வழியைத் திறந்து, அதே காற்றை அதே ஓட்டத்தில் ஓட்டுங்கள். கார்பன் மோனாக்சைடு மாற்றப்படாததால் கார்பன் டை ஆக்சைடின் நிறையான 44இல் ஒரு மேடும் (வரைபடத்தில் எழும் சிகரமும்) வரக்கூடாது. மேடு வந்தால் அது முழுவதும் கசிவு. இந்தச் சுற்றுவழி வால்வு இல்லாத கருவியை நான் நம்பமாட்டேன். இல்லையென்றால் முதல் வேலையாக அதைப் பொருத்துங்கள்.

காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒன்று, அஸ்கரைட் தீர்ந்துபோயிருக்கும். பழுப்பு நிறம் வெளுத்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முழுவதும் வெளுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். வினையில் உண்டாகும் நீரைப் பிடிக்க அதன் பின்னால் மெக்னீசியம் பெர்குளோரேட் இருக்கிறதா என்றும் பாருங்கள். மற்றொன்று, குளிர்பொறியில் ஓட்டம் மிக வேகமாக இருக்கும். கார்பன் டை ஆக்சைடு உறைந்து நுண்துகளாகி, வாயுவோடு சேர்ந்து பறந்துபோகும். இதனால்தான் பெரிய அளவு காற்றைக் கையாளும் ஆய்வகங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கண்ணாடி இழை உறைகளை அடுக்கிய ‘ரஷ்யப் பொம்மை’ப் பொறிகளைப் பயன்படுத்துகின்றன. ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். சுற்றுவழிச் சோதனையில் மேடு மறைந்தால் காரணம் அதுதான்.

அறிகுறி: கார்பன்-13உம் ஆக்சிஜன்-18உம் சேர்ந்து இறங்குகின்றன

இந்தப் பட்டியலில் மிக வஞ்சகமான அறிகுறி இதுதான். இரண்டும் இறங்கியதைப் பார்த்ததும் ‘மீத்தேன் ஆக்சிஜனேற்றத்தின் பங்கு அதிகம்’ என்று எழுதக் கை பரபரக்கும். எழுதாதீர்கள். முதலில் நைட்ரஸ் ஆக்சைடைத் தேடுங்கள்.

நைட்ரஸ் ஆக்சைடும் நிறை 44தான். காற்றில் அது 330 பிபிபிக்கு மேல் இருக்கிறது. தூய காற்றில் கார்பன் மோனாக்சைடைவிட மூன்று மடங்கு. கனமான ஐசோடோப்புகளைக் கணக்கிட நாம் பயன்படுத்தும் 45/44, 46/44 நிறை விகிதங்கள் இரண்டும் அதில் கார்பன் டை ஆக்சைடின் விகிதங்களைவிட மிகக் குறைவு. அதனால் மேட்டுக்குள் 1 சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடு ஒளிந்திருந்தாலே கார்பன்-13 சுமார் 2.5‰ இறங்கும். ஆக்சிஜன்-18 மூன்றரை முதல் நான்கு பெர்மில் இறங்கும். அதைக் கார்பன் மோனாக்சைடுக்கு மாற்றும்போது இரட்டித்து 7‰க்குமேல் போய்விடும்.

மேட்டின் வாலைப் பெரிதாக்கிப் பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு மேடு மட்டும் என்றால் 45/44 விகிதக் கோடு தன் வழக்கமான வளைவை முடித்து அடித்தளத்துக்கு வரும். நைட்ரஸ் ஆக்சைடு ஒட்டிக்கொண்டிருந்தால் வால்பகுதியில் கோடு சரிந்து கீழே இறங்கும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் நிறை 30ஐக் கவனியுங்கள். நைட்ரஸ் ஆக்சைடு அயனியாகும்போது உடைந்து நைட்ரிக் ஆக்சைடு அயனியைத் தரும். அது நிறை 30இல் விழும். கார்பன் டை ஆக்சைடு அங்கே மிகச் சிறிய தடத்தையே விடும்.

தீர்வு பிரிப்பதில் இருக்கிறது, திருத்தக் கணக்கில் இல்லை. குழாயின் வெப்பநிலையைக் குறையுங்கள், தேவைப்பட்டால் குழாயை நீளமாக்குங்கள், இரண்டு மேடுகளும் அடித்தளம்வரை பிரியட்டும். எண்ணிக்கையில் கழிக்கும் திருத்தம் 1 சதவீதம் உள்ளபோது பலன் தராது, ஏனெனில் அந்த 1 சதவீதம் ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறிக்கொண்டிருக்கும்.

அறிகுறி: கார்பன்-13 நிலையாக இருக்கிறது, ஆக்சிஜன்-18 மட்டும் நழுவுகிறது

இது ஷூட்சே வினைபொருளின் கையெழுத்து. சிலிக்கா ஜெல்லின்மீது அயோடின் பென்டாக்சைடையும் கந்தக அமிலத்தையும் ஏற்றிச் செய்வது இது. அறை வெப்பநிலையிலேயே கார்பன் மோனாக்சைடுக்கு ஓர் ஆக்சிஜன் அணுவைத் தருகிறது. ஆகவே நீங்கள் அளக்கும் கார்பன் டை ஆக்சைடில் ஒரு ஆக்சிஜன் காற்றிலிருந்து வந்தது, மற்றொன்று வினைபொருளிலிருந்து வந்தது. காற்றின் மதிப்பை அறிய, அளந்த மதிப்பை இரண்டால் பெருக்கி வினைபொருளின் மதிப்பைக் கழிக்கிறோம். அளவீட்டுப் பிழையும் இரண்டால் பெருகுகிறது. 0.1‰ துல்லியமுள்ள கருவி இங்கே 0.2‰ துல்லியத்தைத்தான் தரும். அந்த அளவு சிதறல் பழுது அல்ல.

ஆனால் சிதறலுக்குப் பதிலாக ஒரே திசையில் நாளுக்கு நாள் நழுவினால், வினைபொருளின் ஆக்சிஜன் மதிப்பு மாறுகிறது என்று பொருள். ஒவ்வொரு புதிய தொகுதிக்கும் அந்த மதிப்பு வேறு. ஒரே தொகுதியும் பயன்படப் பயன்பட மாறும். ஈரம் பட்டால் வேகமாக மாறும். வெண்ணிறம் மங்கிப் பழுப்பு மஞ்சளாவது அயோடின் விடுபடுவதன் அடையாளம். அந்த அயோடின் கருவிக்குள் போகாதபடி பின்னால் ஒரு குளிர்பொறியும் இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது: ஆக்சிஜன்-18 தெரிந்த கார்பன் மோனாக்சைடு மேற்கோள் வாயுவை ஒவ்வொரு நாளும், இயன்றால் ஒவ்வொரு சில மாதிரிகளுக்கும் இடையிலும் ஓட்டுங்கள். அதன் செறிவு மாதிரிகளின் செறிவுக்கு அருகில் இருக்கட்டும். மேற்கோளும் மாதிரியும் ஒரே பாதையில், முதல் பொறியிலிருந்தே, நடந்து வர வேண்டும். நிறை நிறமாலைமானிக்குள் நேராகச் செலுத்தும் தூய கார்பன் டை ஆக்சைடை வைத்து இந்த நழுவலைக் கண்டுபிடிக்கவே முடியாது, ஏனெனில் அது ஷூட்சே குழாயைச் சந்திப்பதே இல்லை.

கார்பன்-13உம் சேர்ந்து நழுவத் தொடங்கினால் மாற்றம் முழுமையடையவில்லை என்று சந்தேகியுங்கள். இரண்டாவது ஷூட்சே குழாயை வரிசையில் சேர்த்து, அதிலிருந்து வருவதை மட்டும் சேகரியுங்கள். முதல் குழாய் சரியாக வேலை செய்தால் இரண்டாவதில் ஒன்றும் கிடைக்காது.

அறிகுறி: ஆக்சிஜன்-18 எல்லா மாதிரிகளிலும் ஏறத்தாழ 30 அல்லது 40 பெர்மில் தள்ளி இருக்கிறது

அளவுகோல் குழப்பம். வி.ஸ்மோவில் +5‰ உள்ள மாதிரி வி.பி.டி.பி.யில் −25‰ என்று வரும். மென்பொருள் கார்பன் டை ஆக்சைடுக்கான வி.பி.டி.பி. அளவுகோலில் தந்தால் −35‰ என்று வரும். மென்பொருளின் அமைப்பைத் திறந்து எந்த அளவுகோல் என்று பாருங்கள். பிறருடைய தரவோடு சேர்க்கும் முன்பும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அறிகுறி: மாதிரியின் அளவை மாற்றினால் மதிப்பும் மாறுகிறது

ஒரே குடுவைக் காற்றில் 50, 100, 200 மில்லிலிட்டர் என்று எடுத்து ஓட்டினால் ஒரே விடை வர வேண்டும். வராவிட்டால் இரண்டு காரணங்களில் ஒன்றோ இரண்டுமோ இருக்கும்: கருவியே உண்டாக்கும் கறை, அல்லது நிறமாலைமானியின் நேர்கோட்டுத் தன்மைக் குறைவு.

இரண்டையும் பிரிப்பது எளிது. தூய கார்பன் டை ஆக்சைடைப் பல உயரங்களில் நேராக நிறமாலைமானிக்குள் செலுத்துங்கள். அங்கேயே மதிப்பு மாறினால் குறை அயனி மூலத்தில் இருக்கிறது. அதைச் சரிசெய்து, மீதமுள்ளதை உயரத்துக்கேற்பத் திருத்துங்கள். அங்கே மாறாமல் முழுப் பாதையில் மட்டும் மாறினால் கறை. மேட்டின் பரப்பின் தலைகீழ் மதிப்பைக் கிடை அச்சிலும் ஐசோடோப்பு மதிப்பைச் செங்குத்து அச்சிலும் குறித்துக் கோடு வரையுங்கள். கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடம் கறை நீங்கிய மதிப்பு. கோட்டின் சாய்வு கறையின் அளவையும் தன்மையையும் சொல்லும்.

கறையை அளந்து கழிப்பது ஏற்கத்தக்கதே. ஆனால் அது மாதிரியின் சில சதவீதத்தைத் தாண்டினால் கழிப்பதை விட்டுவிட்டு மூலத்தைத் தேடுங்கள். ரப்பர் வளையங்கள், புதிதாக மாற்றிய வால்வு, போதுமான அளவு சுடப்படாத குழாய் என்பதுதான் வழக்கமான வரிசை. தெற்கு அரைக்கோளக் காற்றை அளப்பவர்கள் இதில் இரு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். அங்கே பின்னணி 40 முதல் 60 பிபிபிதான். அதே கறை இரட்டிப்பாக வலிக்கும்.

அறிகுறி: ஒரே நேரத்தில் நிரப்பிய இரண்டு குடுவைகள் வெவ்வேறு விடை தருகின்றன

கார்பன் மோனாக்சைடு சேமிப்பில் வளரக்கூடியது. சில எஃகு உருளைகளில் மாதக் கணக்கில் செறிவு ஏறிக்கொண்டே போகும். ரப்பர் வளையமோ கிரீஸோ உள்ள கண்ணாடிக் குடுவைமீது வெயில் பட்டாலும் கார்பன் மோனாக்சைடு உண்டாகலாம். இங்கே கார்பன்-13ஐ நம்பிக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். வளரும் வாயுவின் கார்பன் பின்னணியை ஒத்ததாக இருந்தால் அந்த எண் அசையவே அசையாது. செறிவுதான் துப்புத் தரும். நிரப்பிய அன்று அளந்த செறிவையும் பகுப்பாய்வுக்கு முன் அளந்த செறிவையும் ஒப்பிடுங்கள். இரண்டும் உங்கள் அளவீட்டுத் துல்லியத்துக்குள் ஒத்துப்போகாவிட்டால் அந்தக் குடுவையை ஒதுக்குங்கள். திருத்த முயல வேண்டாம்.

குடுவைகளை இருட்டில் வையுங்கள். நிரப்பும் பம்பில் உலோகத் துருத்தி வகையே நல்லது. மேற்கோள் வாயு உருளைகளையும் ஆண்டுதோறும் மறு அளவீடு செய்யுங்கள், ஏனெனில் அலுமினிய உருளைகளும் மெல்ல நழுவும்.

அறிகுறி: எல்லாம் சரியாக இருந்தும் கார்பன்-13 சற்று மேலே நிற்கிறது

மற்ற ஆய்வகங்களோடு ஒப்பிட்டால் 0.1 முதல் 0.3‰ வரை வேறுபாடு; கோடையில் அதிகம், குளிர்காலத்தில் குறைவு. கசிவு இல்லை, கறை இல்லை. அப்படியானால் பார்க்க வேண்டியது ஆக்சிஜன்-17.

நிறை 45இல் கார்பன்-13 உள்ள மூலக்கூறும் விழுகிறது, ஆக்சிஜன்-17 உள்ள மூலக்கூறும் விழுகிறது. வழக்கமான மென்பொருள் ஆக்சிஜன்-18ஐ வைத்து ஆக்சிஜன்-17ஐ ஊகித்துக் கழித்துவிடும். பெரும்பாலான பொருள்களுக்கு அந்த ஊகம் சரி. வளிமண்டலக் கார்பன் மோனாக்சைடுக்குச் சரியல்ல. காற்றில் கார்பன் மோனாக்சைடை அழிக்கும் ஹைட்ராக்சிலோடு (OH) அது வினைபுரியும்போது எஞ்சியதில் ஆக்சிஜன்-17 வழக்கமான உறவை மீறிக் கூடுகிறது என்று ரோக்மானும் குழுவினரும் 1998இல் காட்டினார்கள். வடகோளக் கோடையில் இந்த மிகை 7‰ அளவுக்கும் போகும். ஷூட்சே ஆக்சிஜன் கலந்ததும் அது பாதியாகும். ஒவ்வொரு 1‰ மிகையும் கார்பன்-13ஐச் சுமார் 0.07‰ பொய்யாக உயர்த்தும். ஆக மொத்தம் கால் பெர்மில். நகர ஆய்வுக்கு இது பொருட்டில்லை. உலகளாவிய கணக்கு எழுதுகிறவருக்குப் பொருட்டே.

அறிகுறி: கீலிங் கோடு நம்ப முடியாத மூல மதிப்பைத் தருகிறது

செறிவின் தலைகீழ் மதிப்புக்கு எதிராக ஐசோடோப்பு மதிப்பைக் குறித்து, கோடு அச்சை வெட்டும் இடத்தை மூலத்தின் மதிப்பாக எடுப்பது சார்ல்ஸ் டேவிட் கீலிங் கார்பன் டை ஆக்சைடுக்குச் செய்து காட்டிய முறை. கார்பன் மோனாக்சைடிலும் அழகாக வேலை செய்யும், நிபந்தனைகள் நிறைவேறினால். வெட்டும் இடம் −45 என்றோ +60 என்றோ வந்தால் நிபந்தனை ஒன்று முறிந்திருக்கிறது.

முதலில் செறிவின் வீச்சைப் பாருங்கள். ஒரு நகரத்தில் 120இலிருந்து 1000 பிபிபி வரை மாதிரிகள் இருந்தால், கோட்டை அச்சுவரை நீட்ட வேண்டிய தூரம் தரவின் அகலத்தில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. முடிவு உறுதியாக இருக்கும். தூய காற்று நிலையத்தில் 100இலிருந்து 130 வரைதான் மாறியது என்றால், தரவின் அகலத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல் கோட்டை நீட்ட வேண்டும். ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள 0.2‰ பிழை அங்கே பெர்மில் கணக்கில் பெருகிவிடும். இந்த வீச்சில் கோடு வரைந்து மூலத்தைப் பெயரிடுவதை நான் ஏற்பதில்லை. பிழை எல்லையைக் கணக்கிட்டு எழுதினாலே போதும், அந்த முடிவு பயனற்றது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

வீச்சு போதுமானதாக இருந்தும் கோடு வளைந்தால், மூலம் ஒன்றல்ல அல்லது பின்னணி மாறிவிட்டது. காலையில் வாகனம், மாலையில் குப்பை எரிப்பு என்று இரண்டையும் ஒரே கோட்டில் திணித்தால் வெட்டும் இடம் இரண்டுக்கும் பொருந்தாது. நேரவாரியாகப் பிரித்துத் தனித்தனிக் கோடுகள் வரையுங்கள். காற்றின் திசை மாறிய மணிநேரங்களை நீக்குங்கள். ஒரே இரவுக்குள், காற்று அடங்கியிருக்கும்போது எடுத்த மாதிரிகளே இதற்கு மிகவும் ஏற்றவை, ஏனெனில் இரவில் ஹைட்ராக்சில் ஏறக்குறைய இல்லை. அழிவு குறுக்கே வராது. பின்னணி நாளுக்கு நாள் மாறுகிறது, ஆனால் அதன் மதிப்பு தெரியும் என்றால், மில்லரும் டான்ஸும் 2003இல் முன்வைத்த வடிவத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். அதில் மூலத்தின் மதிப்பு சாய்வாக வரும்.

அறிகுறி: மூலப் பங்கீட்டில் ஏதோ ஒன்று எதிர்மறையாக வருகிறது

மீத்தேன் −10 சதவீதம் என்று விடை வந்தால் சிரமம் ஆய்வகத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. இங்கே மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

முக்கியமானது ஹைட்ராக்சில். வளிமண்டலக் கார்பன் மோனாக்சைடின் மிகப் பெரும்பகுதியை அழிப்பது அதுதான். மண் எடுத்துக்கொள்வது சிறு பகுதி. அழிக்கும்போது ஹைட்ராக்சில் ஐசோடோப்புகளைச் சமமாக நடத்துவதில்லை. தரைமட்ட அழுத்தத்தில் கார்பன்-12 உள்ளது சுமார் 5‰ வேகமாக அழியும். எஞ்சியதில் கார்பன்-13 கூடும். ஆக்சிஜனில் இது தலைகீழ்: கனமான ஆக்சிஜன்-18 உள்ளதே சுமார் 10‰ வேகமாக அழியும், எஞ்சியதில் ஆக்சிஜன்-18 குறையும். ஒரு காற்றுத்திரளில் பாதி கார்பன் மோனாக்சைடு அழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்பன்-13 ஏறத்தாழ 3.5‰ ஏறியிருக்கும், ஆக்சிஜன்-18 ஏறத்தாழ 7‰ இறங்கியிருக்கும். இந்தக் காற்றைத் திருத்தாமல் பங்கீட்டுக் கணக்கில் போட்டால், ஏறிய கார்பன்-13க்கு ஈடாக இல்லாத புல்வெளித் தீ ஒன்று முளைக்கும். இறங்கிய ஆக்சிஜன்-18க்கு ஈடாக இல்லாத ஐசோப்ரீன் முளைக்கும். கூட்டுத்தொகை நூறாக வேண்டும் என்பதற்காக மீத்தேன் எதிர்மறையாகும்.

திருத்தும்போது குறியைக் கவனியுங்கள். இலேசானது வேகமாக வினைபுரியும் என்ற பழக்கத்தில் ஆக்சிஜனுக்கும் அதே திசையில் திருத்தினால், 7‰ பிழை நீங்குவதற்குப் பதிலாக 14‰ ஆகும். கார்பனின் விளைவு அழுத்தத்தைப் பொறுத்தது என்பதையும் மறக்க வேண்டாம். உயரே போகப்போக அது குறைந்து திசையே மாறிவிடும். விமானத்தில் எடுத்த மாதிரிக்குத் தரைமட்ட எண்ணைப் பயன்படுத்தக் கூடாது.

இரண்டாவது, அறியாதவற்றின் எண்ணிக்கை. இரண்டு ஐசோடோப்புகளும் கூட்டுத்தொகை என்ற நிபந்தனையும் சேர்ந்தால் மூன்று சமன்பாடுகள். மூன்று மூலங்களுக்குமேல் தனித்த விடை கிடையாது. ஐந்து மூலங்களைப் பிரித்துவிட்டதாகச் சொல்லும் கணக்கு, முன்கூட்டியே ஊட்டிய ஊகங்களைத்தான் திருப்பித் தருகிறது. மீத்தேனை மிதக்கவிடாமல் நிலைநிறுத்துவது நல்ல வழி. மீத்தேன் செறிவு நன்றாகத் தெரியும், உலக அளவில் அது கார்பன் மோனாக்சைடு உற்பத்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்பதும் தெரியும். அந்தப் பங்கை வெளியிலிருந்து கொடுத்துவிட்டு, மீதியை ஐசோடோப்புகளிடம் கேளுங்கள்.

மூன்றாவது, மூல மதிப்புகளுக்கு ஒற்றை எண் கொடுத்திருப்பது. எல்லைகளாகக் கொடுத்தால் எதிர்மறை விடை பெரும்பாலும் பிழை எல்லைக்குள் அடங்கிவிடும்.

அறிகுறி: எல்லாச் சோதனைகளும் தேறின, எண் மட்டும் விநோதமாகவே இருக்கிறது

அப்படியானால் எண் உண்மையாக இருக்கலாம். அதை நீக்கும் முன் கீழே உள்ளவற்றைப் பாருங்கள்.

ஒற்றை வாகனத்தின் புகைக்குழாயில் எடுத்த மாதிரியா? வினையூக்கி மாற்றி உள்ள வாகனங்களில் கார்பன்-13 −60‰ முதல் சுழியம்வரை சிதறுவது 2018இல் வெளியான நெதர்லாந்து அளவீடுகளில் பதிவாகியிருக்கிறது. ஆயிரக்கணக்கான வாகனங்கள் கலந்த சுவிட்சர்லாந்தின் இஸ்லிஸ்பெர்க் சுரங்கச் சாலையிலோ மதிப்பு −25.6‰, +24.1‰ என்று ஒழுங்காக வந்தது. நகரத்துக்கான மூல மதிப்பை ஒரு வாகனத்திடம் கேட்பது சரியல்ல. சுரங்கத்திலோ நெரிசலான சாலையோரத்திலோ எடுங்கள்.

தீயின் அருகில் எடுத்ததா? கொழுந்துவிட்டு எரியும் கட்டத்தைவிடக் கனன்று புகையும் கட்டத்தில் ஆக்சிஜன்-18 குறைவாக இருக்கும். ஒரே தீ காலையிலும் மாலையிலும் வெவ்வேறு எண் தருவதில் தவறில்லை. எந்தக் கட்டம் என்று மாதிரிக் குறிப்பில் எழுதுங்கள்.

துருவப் பகுதியில் வசந்த காலத்தில் எடுத்ததா? அங்கே குளோரின் அணுக்கள் மீத்தேனைத் தாக்கும் காலம் அது. குளோரின் வினையில் கார்பன் ஐசோடோப்பு வேறுபாடு 60‰க்கும் மேல். ஆகவே அதில் பிறக்கும் கார்பன் மோனாக்சைடு −110‰ அளவுக்கு இறங்கும். மிகச் சிறிதளவு கலந்தாலே மொத்த மதிப்பு சில பெர்மில் சரியும். ஓசோன் அளவும் அதே நேரத்தில் விழுந்திருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

பனிப்பாளத்தில் சிறைப்பட்ட காற்றா? அண்டார்டிகப் பனியிலிருந்து 650 ஆண்டுக்காலக் காட்டுத்தீ வரலாற்றை 2010இல் வாசித்திருக்கிறார்கள். கிரீன்லாந்துப் பனியில் அப்படி எளிதாகச் செய்ய முடியாது. அங்கே பனிக்குள்ளேயே கரிமக் கறைகளிலிருந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அந்த மாதிரியில் செறிவு கூடியிருந்தால் மேலே சொன்ன எந்தச் சோதனையும் அதைப் பிடிக்காது, ஏனெனில் வாயு ஆய்வகத்துக்கு வரும் முன்பே மாறிவிட்டது. அருகருகே உள்ள அடுக்குகளில் செறிவு தாறுமாறாகத் துள்ளுகிறதா என்று பாருங்கள். துள்ளினால் அந்த அடுக்குகளின் ஐசோடோப்பு மதிப்பை மூலத் தேடலுக்குப் பயன்படுத்தாதீர்கள்.